30 ரூபாய் எழுத்தருக்கு 75 ரூபாய் உதவித் தொகை

வேடசந்தூரில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஞாயிறுதோறும் காலையில் அவள் தன் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போகிறாள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டம் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கிறாள். தேதியையும் அளவையும் ஒரு பழைய நோட்டில் குறித்து வைக்கிறாள். குடகனாற்றில் தண்ணீர் ஓடினால் எத்தனை நாள் கழித்துக் கிணறு ஏறுகிறது? பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடினால் எத்தனை அடி இறங்குகிறது? இரண்டு ஆண்டுகளாக இந்த நோட்டு வளர்ந்து வருகிறது. ஆனால் நோட்டைப் பற்றி அவளுடைய ஆசிரியருக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை.

இந்த மாணவிக்கு நாளை ஒரு பெரிய உதவித் தொகை கிடைக்குமா?

"கெட்டிக்காரியாக இருந்தால் கிடைக்கும்" என்பீர்கள். அது பாதி விடைதான். கெட்டிக்காரத்தனம் தானாக நடந்து சென்று எந்த அலுவலகத்தின் கதவையும் தட்டுவதில்லை. மீதிப் பாதி விடை என்ன? நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு வரலாற்றைக் கொண்டே அதைத் தெரிந்துகொள்வோம்.

ஒரே மாணவர், இரண்டு உதவித் தொகைகள்

கணித மேதை சீனிவாச ராமானுஜனை நீங்கள் அறிவீர்கள். 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவர் வாழ்வில் இரண்டு உதவித் தொகைகள் வருகின்றன. முதலாவது கைவிட்டுப் போயிற்று. இரண்டாவது அவர் வாழ்வையே மாற்றியது.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவர் உதவித் தொகையுடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை. அடுத்த ஆண்டே உதவித் தொகை நின்றுவிட்டது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப். ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. கையில் பட்டம் இல்லை, வருமானமும் இல்லை. கணக்குகள் நிறைந்த நோட்டுகள் மட்டும் இருந்தன.

1913-ல் சென்னைப் பல்கலைக் கழகம் இதே மனிதருக்கு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி உதவித் தொகை வழங்கியது. அப்போது அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம் பெறும் எழுத்தர். அந்த உதவித் தொகையோ முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது!

ராமானுஜனின் திறமை 1905-ல் இல்லாமல் 1913-ல் திடீரென்று முளைத்துவிட்டதா? இல்லை. அப்படியானால் மாறியது எது?

கடிதங்களின் சங்கிலி

மாறியவை இரண்டு. முதலாவது, அவருடைய வேலை அச்சில் வந்துவிட்டது. 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. இரண்டாவது, அவருக்காகக் கடிதம் எழுத ஆட்கள் கிடைத்தார்கள்.

அந்தச் சங்கிலியைக் கவனியுங்கள். 1910-ல் ராமானுஜன் தம் நோட்டுகளுடன் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயர். ராமானுஜன் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. நோட்டுகளைப் பார்த்த ராமசாமி ஐயர், இவரை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் அமர்த்தி அடக்கிவிடக் கூடாது என்று எண்ணினார். வேலை தராமல் சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அக்கடிதத்தின் வழியாகப் பேராசிரியர் சேஷு ஐயரும், அவர் வழியாக நெல்லூர் ஆட்சியர் ராமச்சந்திர ராவும் கிடைத்தார்கள். ராமச்சந்திர ராவ் சிறிது காலம் தம் கையிலிருந்தே மாதந்தோறும் பணம் கொடுத்து உதவினார்.

1912 மார்ச்சில் துறைமுகக் கழகத்தில் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். கழகத்தின் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில்லுக்கு எழுதிக் கருத்துக் கேட்டார். ஹில்லின் பதில் முழுப் பாராட்டாக இல்லை. ஆர்வமும் ஓரளவு ஆற்றலும் தெரிகின்றன, ஆனால் முடிவிலாத் தொடர்களைக் கையாள்வதில் தவறியிருக்கிறார் என்று கூறி, படிக்க வேண்டிய ஒரு நூலையும் குறிப்பிட்டார். குறையைச் சுட்டுவதும் ஓர் உதவியே அல்லவா?

1913 ஜனவரி 16-ல் ராமானுஜன் தாமே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி பிப்ரவரி 8-ல் ஊக்கமூட்டும் பதில் எழுதினார். அதே பிப்ரவரி 25-ல், வானிலைத் துறைத் தலைவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தார். ஸ்பிரிங் அவரிடம் நோட்டுகளைக் காட்டினார். மறுநாளே வாக்கர் பல்கலைக் கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். இந்த இளைஞர் சில ஆண்டுகளாவது பிழைப்புக் கவலையின்றிக் கணிதத்தில் மூழ்கியிருக்கப் பல்கலைக் கழகம் வழி செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம்.

யாரும் சரிபார்க்கக் கூடிய கணக்கு

இத்தனை பேர் ஏன் தம் பெயரைப் பணயம் வைத்து எழுதினார்கள்? ராமானுஜனின் வேலையை அவர்கள் தாமே பார்த்துச் சோதிக்க முடிந்தது. அதனால்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1911-ல் அவர் கணிதக் கழக இதழின் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார். இதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + … ))))

ஆறு மாதம் ஆகியும் யாரிடமிருந்தும் விடை வரவில்லை. அவரே விடை தந்தார். விடை 3!

எப்படி? 3 என்பது √9. 9 என்பது 1 + 2 × 4. ஆகவே 3 = √(1 + 2 × 4). இங்குள்ள 4 என்பது √16. 16 என்பது 1 + 3 × 5. எனவே 4 = √(1 + 3 × 5). அதேபோல 5 = √25 = √(1 + 4 × 6). ஒவ்வோர் எண்ணையும் இப்படி விரித்து அடுத்ததற்குள் வைத்துக்கொண்டே போனால் மேலே உள்ள கோவை பிறக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதல் படியோடு நிறுத்தினால் √(1 + 2) = 1.73. இரண்டாம் படியில் 2.24. மூன்றாம் படியில் 2.56. நான்காம் படியில் 2.76. விடை மெல்ல மெல்ல 3-ஐ நோக்கி நகர்வது தெரிகிறதா? படிகள் முடிவில்லாமல் நீளும்போது அது 3-ஐயே சென்றடைகிறது என்று ஐயமின்றிக் காட்ட இன்னும் ஒரு நிரூபணம் வேண்டும். ஹில் சுட்டிய குறை இத்தகைய இடங்களைப் பற்றியதுதான்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. "நான் கெட்டிக்காரன்" என்ற சொல்லை யாரும் சோதிக்க முடியாது. "இதோ என் கணக்கு" என்பதைச் சோதிக்கலாம். சோதித்தவர்தான் துணிந்து கையெழுத்திடுவார்.

விதி குறுக்கே நின்றது

1913 மார்ச் 19-ல் பல்கலைக் கழகத்தின் கணிதப் பாடத்திட்டக் குழு கூடியது. மாதம் 75 ரூபாய் தரலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் ஆட்சிக் குழுவில் விதி குறுக்கே நின்றது. முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித் தொகை தருவது எப்படி? பல்கலைக் கழகச் சட்டத்தின் முன்னுரையே ஆராய்ச்சியை வளர்ப்பதைப் பல்கலைக் கழகத்தின் கடமையாகக் கூறுகிறதே என்று அப்போது சுட்டிக் காட்டப்பட்டதாகச் சொல்வார்கள். விதியின் எழுத்தைவிட அதன் நோக்கம் பெரிதாகக் கொள்ளப்பட்டது. மே 1 முதல் உதவித் தொகை தொடங்கியது.

சும்மா கொடுத்துவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. ராமானுஜன் 1914 மார்ச்சுக்குள் மூன்று அறிக்கைகள் அளித்தார்.

இதற்கிடையே ஹார்டி லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்துக்கும் எழுதியிருந்தார். அதன்படி சென்னையில் இருந்த மாணவர் ஆலோசனைக் குழுவின் செயலாளர், கேம்பிரிட்ஜ் செல்ல விருப்பமா என்று ராமானுஜனை விசாரித்தார். கடல் கடப்பதற்குக் குடும்ப வழக்கம் தடையாக இருந்தமையால் அவர் அப்போது இசையவில்லை. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து விரிவுரையாற்றச் சென்னை வந்த நெவில் அவரோடு பேசிப் பழகினார். இம்முறை ராமானுஜன் சம்மதித்தார். நெவில் பதிவாளருக்கு எழுதினார். ஸ்பிரிங் ஆளுநர் மாளிகைக்கு எழுதினார். பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித் தொகையும் பயணச் செலவும் தர முன்வந்தது. அதிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் இருந்த தாயாருக்குப் போய்ச்சேர ஏற்பாடாயிற்று. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? உதவித் தொகை என்பது படிக்கிறவருக்கு மட்டும் சோறு போடுவதன்று என்பதைப் பல்கலைக் கழகம் உணர்ந்திருந்தது.

1914 மார்ச் 17-ல் அவர் கப்பல் ஏறினார். 1918-ல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

தற்செயலை முறையாக்குவது

இந்த வரலாற்றைப் படித்து மகிழ்வதோடு நிறுத்திவிடக் கூடாது. சற்று அஞ்சவும் வேண்டும்! திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவர் கணிதம் அறியாதவராக இருந்திருந்தால்? வாக்கர் அன்றைக்குத் துறைமுகத்துக்கு வராமல் போயிருந்தால்? சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ராமானுஜன் 30 ரூபாய் எழுத்தராகவே இருந்திருப்பார். அவர் கதவு கதவாகத் தட்டினார், நல்லவர்கள் திறந்தார்கள். இப்படித் திறக்கப்படாத கதவுகளின் முன்னே நின்று திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பல்கலைக் கழகங்கள் செய்யும் உதவிகள் எல்லாம் இந்தத் தற்செயலை ஒரு முறையாக மாற்றும் முயற்சிகளே. அந்த வேலையை ஐந்து பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, அறிவிப்பு. எந்த உதவித் தொகைக்கு யார், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்கலாம் என்பதைத் தகுதியுள்ள ஒவ்வொருவர் காதிலும் போடுவது. இரண்டாவது, தேடல். தானாக முன்வரத் தயங்கும் மாணவரைப் பேராசிரியர்களிடம் கேட்டுக் கண்டுபிடிப்பது. மூன்றாவது, எழுத்து. மாணவர் தம்மைப் பற்றியும் தம் நோக்கத்தைப் பற்றியும் எழுதும் கட்டுரையைப் படித்து, "இது விளங்கவில்லை, இதற்குச் சான்று எங்கே?" என்று கேட்டுத் திருத்தச் சொல்வது. நான்காவது, பரிந்துரைக் கடிதம். "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்று எல்லாருக்கும் எழுதும் கடிதத்தால் பயனில்லை. இந்த மாணவர் செய்த இந்த வேலையை நானே பார்த்தேன் என்று எழுத வேண்டும். ஐந்தாவது, மாதிரி நேர்காணல். நாலைந்து ஆசிரியர்கள் மேசைக்கு அப்பால் அமர்ந்து கேள்வி கேட்டுக் கூச்சத்தைப் போக்குவது.

ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவும் ரோட்ஸ் உதவித் தொகைக்கு அமெரிக்க மாணவர் விண்ணப்பிக்க வேண்டுமானால், முதலில் தம் கல்லூரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதனால் அங்கே பல கல்லூரிகளில் இதற்கென்றே தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அந்த ஆலோசகர்கள் 1999-ல் ஒரு சங்கமும் அமைத்தார்கள். நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் தனி அலுவலர் இல்லாவிட்டாலும், துறைத் தலைவரும் பேராசிரியர்களும் இந்த வேலையைச் செய்ய முடியும்.

சில பல்கலைக் கழகங்கள் தாமே உதவித் தொகை நிறுவித் தேடியும் எடுத்தன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகம் 1917-ல் ஆசியப் பெண்களுக்கென்று பார்பர் உதவித் தொகையை ஏற்படுத்தியது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து வந்த தாவரவியலார் ஜானகி அம்மாள் அதைப் பெற்றுச் சென்று, 1931-ல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், மாணவராக இருக்கும்போதே 1928-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1930-ல் அரசாங்க உதவித் தொகையுடன் கேம்பிரிட்ஜ் சென்றார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் கையிலும் முதலில் இருந்தது, பிறர் படித்துச் சோதிக்கக் கூடிய ஒரு கட்டுரை.

வேடசந்தூரிலிருந்து தொடங்குவோம்

இனி, கிணற்றை அளக்கும் நம் மாணவியிடம் திரும்புவோம். கல்லூரியில் சேர்ந்த பிறகுதானே பல்கலைக் கழகத்தின் உதவி என்று அவள் காத்திருக்க வேண்டியதில்லை.

பள்ளிப் பருவத்திலேயே ஏறக்கூடிய படிகள் உண்டு. 8-ஆம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் தேர்வு. 2017 முதல் அதன் தொகை மாதம் 1,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 9-ஆம் வகுப்பில் கிராமப்புற மாணவருக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. 2023-ல் தமிழக அரசு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வைத் தொடங்கியது; அரசுப் பள்ளி மாணவர் 500 பேரும் மாணவியர் 500 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, பட்டப் படிப்பு வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுவதற்கு அது வகை செய்தது. ஒன்றை மறக்காதீர்கள். திட்டங்கள் மாறும். 1963-ல் தொடங்கிப் புகழ்பெற்ற தேசியத் திறனறித் தேர்வு 2021-ஆம் ஆண்டுச் சுற்றுக்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது. அண்ணன் வைத்திருந்த பழைய வழிகாட்டி நூலை நம்பாமல், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2008-ல் மத்திய அரசு தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தைப் பாருங்கள். அறிவியல் பட்டப் படிப்புப் படிப்பவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று வகுத்தபோது, அதில் 20,000 ரூபாய் கோடை விடுமுறையில் ஓர் அறிஞரின் வழிகாட்டலில் ஆய்வு செய்வதற்கு என்று ஒதுக்கினார்கள். பணத்தோடு ஒரு வழிகாட்டியும் வேண்டும் என்பது இங்கே விதியாகவே ஆகிவிட்டது!

வழிகாட்டி எங்கே கிடைப்பார்? வேடசந்தூரிலேயே 1948-ல் தொடங்கப்பட்ட புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்ணையும் நீரையும் பயிரையும் அளப்பவர்கள் அங்கே பணியாற்றுகிறார்கள். திண்டுக்கல்லைத் தாண்டி மதுரைச் சாலையில் போனால் காந்திகிராமம். 1956-ல் கிராமிய உயர்கல்வி நிலையமாகத் தொடங்கி, 1976-ல் பல்கலைக் கழகத் தகுதி பெற்றது. கிணற்று நோட்டை முதலில் தன் அறிவியல் ஆசிரியரிடம் அவள் காட்ட வேண்டும். அடுத்து அவர் மூலம் இத்தகைய ஓரிடத்துக்கு, "என் அளவுகளைப் பார்த்துத் தவறு இருந்தால் சொல்வீர்களா?" என்று ஒரு கடிதம் எழுதலாம். பாராட்டைக் கேட்டு எழுதுவதைவிடத் தவறைக் கேட்டு எழுதுவது நல்லது. அப்படிக் கேட்பவருக்கே பதில் வருவது எளிது.

இன்னொன்று சிறிய செய்திதான். ஆனால் பலரைக் கவிழ்ப்பது அதுவே. வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முந்திய நாள் இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஓடினால், எத்தனை மதிப்பெண் இருந்தும் பயன் இல்லை.

விண்ணப்பித்துக் கிடைக்காவிட்டால்? ஹில்லின் பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். அது வந்து சில வாரங்களில்தான் ராமானுஜன் ஹார்டிக்கு எழுதினார். விண்ணப்பிப்பது பிச்சை கேட்பதன்று; "என் வேலையைச் சோதித்துப் பாருங்கள்" என்று அழைப்பது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரில் வாரம் ஒரு முறை அளக்கக் கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கிணற்று நீர்மட்டம், மழையளவு, நண்பகல் நிழலின் நீளம் என எதுவாகவும் இருக்கலாம். கிணற்றை அளப்பதானால் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். மூன்று மாதம் விடாமல் குறியுங்கள்.

2. அளந்த முறையையும் கண்ட முடிவையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அதைப் படிக்கும் வேறொருவர் அதே அளவைத் தாமும் எடுக்க முடிய வேண்டும்.

3. அந்தப் பக்கத்தை உங்கள் ஆசிரியரிடம் கொடுத்து, "ஐயா, இதில் என்ன தவறு?" என்று கேளுங்கள். உங்கள் முதற் பரிந்துரைக் கடிதம் அன்றைக்கே எழுதப்படத் தொடங்கிவிட்டது!

4. மேலே கண்ட வர்க்கமூலக் கோவையை ஐந்தாம் படிவரை கணக்கிடுங்கள். 3-க்கு இன்னும் எவ்வளவு குறைகிறது?